‘சாம்பல் நிறக் களி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்

ரொறன்ரோவில் மண் ஆய்வு வேலையில் புதிதாகச் சேர்ந்து, துளையிடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் குளிரில் நிற்கும் பிள்ளைகளுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதும் துளைப் பதிவுகளில் சில என் மேசைக்கு வருகின்றன. மூன்று மீற்றரில் ‘சாம்பல் நிறக் களி, இறுக்கம், ஈரம்’. அதன்கீழ் பன்னிரண்டு மீற்றர் வரைக்கும் ‘மேற்படி’. அப்புறம் அறிக்கையின் கடைசியில் ஒரு வாக்கியம் வந்து குந்திக்கொள்கிறது: ‘களி தடுப்பதால் மாசு கீழே இறங்க வாய்ப்பில்லை.’ அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

நீங்கள் களி என்று எழுதுவது பெரும்பாலும் டில். பனியுகத்தில் பனிப்பாளம் வடக்கிலிருந்து வரும் வழியில் பாறையை அரைத்து, அகப்பட்டதையெல்லாம் வாரிக் குழைத்து, தன் பாரத்தால் அமுக்கிவிட்டுப் போன கலவை. ஸ்பூனை, அதாவது துளைக்குள் அடித்து இறக்கி மண் மாதிரி எடுக்கும் குழாயை, திறந்ததும் மண்ணைக் கத்தியால் சீவி, உள்ளே இருக்கும் கல்லை எடுத்துக் கழுவிப் பாருங்கள். கறுப்பு ஷேல் (களி இறுகிய பாறை), சுண்ணக்கல், அவற்றோடு எங்கோ வடக்கிலிருந்து வந்த இளஞ்சிவப்பு கிரனைட். சில கற்களில் ஒரு முகம் தேய்ந்து தட்டையாகி, கீறல்களும் இருக்கும். அப்படியானால் டில். கல்லே இல்லாமல் பாய் பின்னல் போல மெல்லிய வரிகள் தெரிந்தால், பழைய ஏரியின் அடியில் படிந்த களி. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஆனால் ஏரிக் களியில் தண்ணீர் வரியோடு வரியாகப் பக்கவாட்டில் நகரும். டில்லுக்குள் உருகுநீர் விட்டுப்போன மணல் பொட்டலங்கள் எங்கே கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

ஸ்பூன் சுமார் 60 சென்ரிமீற்றர் நீளம். மேல் சில மீற்றர்களைத் தாண்டினால் வழமையாக 1.5 மீற்றருக்கு ஒருமுறைதான் மாதிரி எடுக்கிறோம். இடையில் 90 சென்ரிமீற்றரை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். துளையிடும் திருகான ஓகரின் சத்தம் மாறும், திடீரென்று இலகுவாக இறங்கும். ட்ரில்லரிடம் கேளுங்கள், அவருக்குக் கை சொல்லிவிடும்.

நானும் கேட்காமல் விட்டவன்தான். தொடக்க காலத்தில் ஒரு பழைய உலர்சலவைக் கடைக்குப் பின்னால் நான்கு துளை போட்டோம். ஒன்றில், ஸ்பூனின் நுனியில் ஒரு விரல் அளவுக்கு ஈர மணல் ஒட்டியிருந்தது. வழித்துப் போட்டுவிட்டு ‘களி’ என்று எழுதினேன். அடுத்த வருடம் இன்னொருவர் வேலிக்கு அந்தப் பக்கம் துளை போட்டபோது அதே மணலில் சலவைக் கரைப்பான் வந்தது. என்னை யாரும் ஏசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மணலை விட மோசமானது வெடிப்பு. டில்லின் மேற்பகுதி பழுப்பு, கீழ்ப்பகுதி சாம்பல். அந்தப் பழுப்புக்குக் காற்றும் நீரும் உள்ளே போனதுதான் காரணம். போன வழி, செங்குத்தான வெடிப்புகள். பழுப்பு முடிந்த பிறகும் சில வெடிப்புகள் சாம்பலுக்குள் இறங்கும். நேர்க்குத்தாகப் போடும் துளை நேர்க்குத்தான வெடிப்பைச் சந்திப்பது லொத்தர் விழுந்த மாதிரி. ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் கட்டியோ வெடிப்பில்லாத நல்ல கட்டி, அது நீர் புகாது என்றுதான் முடிவு தரும். வெடிப்பின் அகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் நீர் எட்டு மடங்கு. சலவைக் கரைப்பான் தண்ணீரை விட 1.6 மடங்கு பாரமானது, நிலத்தடி நீர்மட்டத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும்.

நயாகரா பக்கத்து ஸ்மித்வில்லில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். அங்கே ஒரு கழிவுச் சேமிப்பிடத்திலிருந்து பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெய் பனியுகக் களியின் வெடிப்புகள் வழியாகக் கீழிருந்த பாறைக்குள் இறங்கிவிட்டது 1985-இல் தெரியவந்தது. யாழ்ப்பாணம் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை நம் ஆட்களுக்குத் தெரியும். அங்கே சுண்ணக்கல் ஓட்டையானது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். இங்கே களியை நம்பி ஏமாறுகிறோம்.

சரி, களத்துக்குப் போகுமுன் ஒன்ராறியோ புவியியல் அளவைத் துறையின் மேற்பரப்புப் படிவு வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். டாவன்போர்ட் வீதி மேடு, இரோக்குவா என்ற பனியுக ஏரியின் பழைய கரை. மேட்டுக்கு மேலே ஒரு மண், கீழே இன்னொரு மண். வடக்கே ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் என்ற பனியுக மணல் மேட்டுப் பக்கம் போனால், தடுப்பு என்று எல்லோரும் நம்பும் நியூமார்க்கெட் டில்லையே உருகுநீர் சில இடங்களில் குடைந்து, பள்ளத்தை மணலாலும் பரலாலும் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது.

முடிந்த இடத்தில் பெக்கோவால் ஒரு குழி வெட்டக் கேளுங்கள். சுவரைச் சுரண்டினால் வெடிப்புகள் துருக்கோடுகளாகத் தெரியும், சிலவற்றுக்குள் மயிர் வேர்கூட இருக்கும். பாதுகாப்பில்லாத குழிக்குள் இறங்க வேண்டாம், பெக்கோ அள்ளிப்போடும் கட்டியை உடைத்தாலே போதும். பழுப்பு எந்த ஆழத்தில் முடிகிறது, துருக்கோடு எதுவரை போகிறது, கல் இருந்ததா, வரி இருந்ததா என்று எழுதுங்கள். ஒரு துளைக்கு இவ்வளவு நேரமா என்று மேலாளர் கேட்டால், இந்த மடலைக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பதிவுகளை வாசிக்கும் ஒரு பழைய களப்பணியாளன்