அமெரிக்க ராணுவத்திடம் நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வேலைக்குப் போன நம் ஆள் மீது அங்கே இருக்கிற அமெரிக்க ராணுவ லாரி மோதிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது, அவ்வளவு பெரிய ராணுவத்தோடு வழக்காட முடியுமா என்று இங்கே டர்பனில் பலர் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். கோர்ட்டுக்கே போக வேண்டாம். 1942இல் அமெரிக்கா கொண்டுவந்த வெளிநாட்டவர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி அந்த ராணுவத்திடமே மனு கொடுக்கலாம். என்ன நடந்தது, எவ்வளவு வேண்டும் என்று தொகையோடு எழுத வேண்டும், இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். போலீஸ் அறிக்கை, ஆஸ்பத்திரி பில், வண்டியின் போட்டோ எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சண்டை நடக்கும்போது குண்டடி பட்டால் இந்தச் சட்டத்தில் பைசா கிடைக்காது. அனுதாபத் தொகை என்று சில இடங்களில் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள், அது உரிமை இல்லை, அவர்கள் மனம் வைத்தால்தான். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது, காயம் காயம்தானே!

அப்புறம், அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்தக் கம்பெனியில் டிரைவராகவோ சமையல்காரராகவோ இருந்தவர் வேலையில் அடிபட்டால் வழியே வேறு. 1941ஆம் வருட அமெரிக்கச் சட்டப்படி கம்பெனியின் இன்சூரன்ஸ்தான் கொடுக்க வேண்டும், தென்னாப்பிரிக்கர் என்றாலும் சரி. அதற்குப் பொதுவாக ஒரே வருடம்தான் கெடு. ஏஜெண்ட்கள் இதைச் சொல்லி அனுப்பினால் என்ன?

ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்