தசைநோய் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஓட்டத்தில் பின்தங்கும், அடிக்கடி தடுக்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று கண்டிப்பது வீட்டிலும் பள்ளியிலும் வழக்கமாக இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அதற்குத் தசைநோய் காரணமாக இருக்கலாம் என்பதால், அந்நோயை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் துஷேனின் பணியை முன்வைத்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1806இல் பிறந்து பாரிஸில் பணிபுரிந்த துஷேன், தோலின்மேல் மின்முனைகளை வைத்து இலேசாக மின்சாரம் பாய்ச்சி, எந்தத் தசை சுருங்கினால் எந்த அசைவு நிகழ்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, 1867இல் பெருநூலாக வெளியிட்டார். மறு ஆண்டே, சிறுவர்களைத் தாக்கும் தசைநோயைப் பற்றி விரிவாக எழுதினார். கெண்டைக்கால் பருத்திருந்தும் வலுவில்லாமல் போவது ஏன் என்று அறிய, உயிரோடிருக்கும் நோயாளியின் தசையிலிருந்தே சிறு துணுக்கை எடுக்கும் ஊசியை அவரே வடிவமைத்தார்; தசையிழைகள் இருக்க வேண்டிய இடத்தைக் கொழுப்பும் இணைப்புத் திசுவும் பிடித்திருந்தன. இன்று அந்நோய் அவர் பெயரால் அறியப்படுகிறது.

தசையிழையின் உறையைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததே இதற்குக் காரணம் என்பது 1987இல்தான் தெரியவந்தது. அதன் மரபணு, ஆண்பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து ஒன்று மட்டுமே வரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே இந்நோய் வருகிறது. குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலும் வரலாம். இதற்காகத் தாயைக் குறைசொல்வது பெரும் கொடுமை.

தரையில் உட்கார்ந்த பிள்ளை எழும்போது கவனியுங்கள். குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, இடுப்பை உயர்த்தி, பிறகு முழங்காலிலும் தொடையிலும் மாற்றி மாற்றிக் கைவைத்துத் தன் உடம்பின்மீதே ஏறுவதுபோல நிமிர்ந்தால், இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் வலுவிழந்திருக்கலாம். குதிகால் படாமல் நுனிக்காலில் நடப்பதும், படியேறத் திணறுவதும் இதோடு சேர்ந்திருக்கக்கூடும். அவ்வாறு கண்டால் தயங்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். தசை சிதையும்போது இரத்தத்தில் கூடும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையிலிருந்து அவர்கள் தொடங்குவார்கள். நோயை முற்றிலும் நீக்கும் சிகிச்சை இன்னும் இல்லை என்றாலும், ஸ்டீராய்டு மருந்தும் முறையான இயன்முறைப் பயிற்சியும் பிள்ளை நடமாடும் காலத்தை நீட்டித்துத் தருகின்றன.

மருத்துவர் சொன்னதை வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். அப்பிள்ளையை ஓட்டத்திலோ தோப்புக்கரணத்திலோ வற்புறுத்த மாட்டோம். அவன் வகுப்பைத் தரைத்தளத்திற்கு மாற்றித் தருவோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் இடம்பெற்றிருப்பதால், சான்றிதழ் பெறுவதற்கான விண்ணப்பத்திற்கும் அலுவலகத்தில் உதவி கிடைக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்