ஜனவரியில் ஐஸ்லாந்து போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். ஜனவரி நடுவில், ஏழே நாளில், ஐஸ்லாந்தின் 1ஆம் எண் வட்டச் சாலையை முழுதாகச் சுற்றி வருவதாகப் போட்டிருக்கிறாய். மொத்தம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், நாளைக்கு இருநூறுகூட வரவில்லையே என்று கணக்குப் போட்டிருப்பாய். ஆனால் அந்த நாட்களில் ரெய்க்யவிக்கில் விடியவே பதினொரு மணி ஆகும். நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். வடக்கிலும் கிழக்கிலும் அந்தச் சாலை மலைமேடுகளைத் தாண்டிப் போகிறது. புயலில் அதில் ஒரு மேடு மூடினாலும், அடுத்தடுத்துப் பதிவு செய்த விடுதிகள் எல்லாம் வீணாகும். அந்தப் பதற்றத்தில்தான் ஓட்டக்கூடாத நேரத்தில் ஓட்டத் தோன்றும்.

வடக்கை விட்டுவிடு. ரெய்க்யவிக்கிலிருந்து வீக் ஊர் வரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர்; அங்கிருந்து ஸ்கப்டாபெல் இன்னும் 140; யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி அதற்குச் சற்று அப்பால். போன வழியே திரும்பி வா. ஏழில் ஒரு நாளை எதுவும் போடாமல் காலியாக வை. கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கு. பிப்ரவரி கடைசிக்குத் தேதியை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. பத்து மணி நேர வெளிச்சம் கிடைக்கும், வடக்கொளியை (அரோரா) பார்க்க இருட்டும் போதுமான அளவு இருக்கும்.

ஸ்வெட்டரைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறாய், காற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெற்குக் கரையில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆபத்தே அதுதான். கடுங்குளிரில் உறைந்த பனியைவிட, பூஜ்ஜியத்தில் உருகி மேலே நீர்ப்படலம் படிந்த பனி பல மடங்கு வழுக்கும். அதன்மேல் பக்கவாட்டில் காற்று அடித்தால் கார் தானாக நகரும்.

அங்கே காற்றை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 3.6ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். 20 என்றால் 72. சராசரியை மட்டும் பார்க்காதே, திடீர் வீச்சின் எண்ணைப் பார். ஏயாஃப்யோட்ல் மலையடிவாரத்திலும் ஓரைவிப் பகுதியிலும் பனிமலையிலிருந்து கீழே பாயும் காற்று சராசரியைவிட மிகப் பலமாக வீசும். சராசரி 15ஐத் தாண்டி, சாலையும் வழுக்குவதாகப் போட்டிருந்தால் கிளம்பாதே, விடுதியிலேயே இரு.

காரை நிறுத்தும்போது மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். கதவைத் திறக்குமுன் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, காற்று எந்தப் பக்கம் என்று பார். பிறகு ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை கதவின் மேல் விளிம்பில். இரண்டு பக்கக் கதவையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. பின் சீட்டில் அம்மா இருந்தால், நீ இறங்கிப் போய்த் திறந்து விடும்வரை அவர் கதவைத் தொட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவை. காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கம் மடக்கிவிட்டால், அந்தச் செலவைப் பெரும்பாலான வாடகைக் காப்பீடு ஏற்காது. மணலும் சாம்பலும் தனிக் காப்பீடு. வீக்குக்குக் கிழக்கே மிர்தால்சாந்துர் கருமணல் வெளியைக் கடப்பதால் அதை எடுத்துக்கொள்.

வண்டி எடுக்கும்போது ஆணி பதித்த டயர்தானா என்று குனிந்து பார். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை அதற்கு அனுமதி உண்டு. நாலு சக்கர இழுவை (ஃபோர் வீல் டிரைவ்) கிளம்ப உதவும், நிற்பதற்கு உதவாது. வேக உச்சவரம்பு தார்ச்சாலையில் 90, பனியில் அதில் பாதிகூட அதிகமாகலாம். குரூஸ் கண்ட்ரோலைத் தொடாதே. வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பு. பிரேக்கை அழுத்தும்போது கால் அடியில் கடகடவென்று அதிர்ந்தால் அது ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு. பயந்து காலை எடுத்துவிடாதே.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய உனக்கு இன்னொன்று: இரண்டு தடம் உள்ள ரவுண்டானாவில் உள்தடத்தில் இருப்பவர் வெளியேற வெளித்தடக்காரர் வழிவிட வேண்டும். ஒற்றைத் தடப் பாலத்தில் முதலில் வந்தவர் முதலில் போவார். படம் எடுக்கச் சாலையில் நிறுத்தவே நிறுத்தாதே. பின்னால் வரும் லாரியால் பனியில் நிற்க முடியாது.

தினமும் காலையில் சாலைத் துறையின் உம்ஃபெர்தின் தளத்தையும் வானிலை அலுவலகத்தின் வேதுர் தளத்தையும் பார்த்த பிறகே பெட்டியைக் கட்டு. சாலைத் தகவலுக்கு 1777, அவசரத்துக்கு 112. பனியில் சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்காதே. இன்ஜினை ஓடவிடுவதென்றால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரிவிடு. அடைத்துக்கொண்டால் நச்சுப்புகை உள்ளே ஏறும். டேங்க் பாதிக்குக் கீழே இறங்குமுன் நிரப்பு. ஆளில்லாத பம்புகளுக்கு ரகசிய எண் (PIN) உள்ள கார்டு வேண்டும்.

எரிமலை விஷயத்துக்கு வருகிறேன். கெப்லாவிக் விமான நிலையம் இருக்கும் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் 2021 முதல் திரும்பத் திரும்ப வெடிப்பு. 2023 நவம்பரில் கிரிண்டவிக் ஊரையே காலி செய்தார்கள். 2024 தொடக்கத்தில் அந்த ஊருக்குப் போகும் 43ஆம் எண் சாலையின்மேல் எரிகுழம்பு ஓடியது. பக்கத்தில் உள்ள ப்ளூ லகூன் வெந்நீர்க் குளத்துக்கு முன்பதிவு செய்தால், ரத்துசெய்யும் வசதியோடு செய். தெற்குக் கரைக்கு அதனால் இடைஞ்சல் இல்லை.

அங்கே கவலை பனிமலைக்கு அடியில் உள்ள எரிமலைகள்தான். ஸ்கப்டாபெலுக்குப் பக்கத்தில் சாலையோரமாக முறுக்கிப் போட்ட இரும்பு உத்தரங்கள் கிடக்கும், இறங்கிப் பார். 1996 செப்டம்பர் கடைசியில் வட்னயோகுல் பனிக்கடியில் வெடிப்பு. உருகிய நீர் ஒரு மாதத்துக்கு மேல் பனிக்கடியில் உள்ள கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் தேங்கி, நவம்பர் 5 அன்று ஒரேயடியாக வெளியே வந்து பாலத்தைப் பிய்த்தது. பனிமலைக்கும் கடலுக்கும் நடுவே அங்கே இருப்பது இந்த ஒரே சாலை. வீக்கில் இருக்கும்போது காட்லா எரிமலை பற்றிப் போனில் எச்சரிக்கை வந்தால், சாமானை விட்டுவிட்டு மேட்டில் உள்ள தேவாலயத்துக்கு ஏறு.

கெய்சிர் பகுதியில் ஸ்ட்ரோக்குர் சில நிமிடத்துக்கொரு முறை வெந்நீரைப் பீய்ச்சும். அந்தச் சாரல் நடைபாதையில் விழுந்து கண்ணாடியாக உறைந்து கிடக்கும். ஷூவுக்கு மேல் மாட்டும் ரப்பர் ஆணிப்பட்டை அம்மாவுக்கும் சேர்த்து வாங்கிவிடு. ரெய்னிஸ்பியாரா கருமணல் கரையில் விளக்கு சிவப்பாக இருந்தால் மணலில் கால் வைக்காதே. விளக்கு என்ன நிறமானாலும் கடலுக்கு முதுகு காட்டாதே. அமைதியாகத் தெரியும் கடலிலிருந்தே ஓர் அலை மேலே ஏறி ஆளை இழுத்துப் போகிறது.

தேதி முடிவானதும் எழுது. ஸ்கப்டாபெல் பக்கம் விடுதிகள் குறைவு, முதலில் அங்கே பதிவு செய். வீக்கை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா