சுகார்த்தோவை அன்றே எதிர்த்த மாணவர்

ஆசிரியருக்கு வணக்கம். இந்தோனேசியாவின் முன்னாள் அதிபர் சுகார்த்தோவுக்கு 2025 நவம்பரில் தேசிய நாயகர் பட்டம் வழங்கப்பட்டதைப் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மனித உரிமை அமைப்புகளின் எதிர்ப்பைக் குறிப்பிட்ட தாங்கள், சூ ஹோக் கீ என்ற இளைஞரையும் நினைவுகூர்ந்திருக்க வேண்டும். சீன வம்சாவளியில் வந்த இவர், இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவர். 1966இல் அப்போதைய அதிபர் சுகர்ணோவுக்கு எதிராக ஜகார்த்தா வீதிகளில் திரண்ட மாணவர்களின் முன்வரிசையில் நின்றவர். ஆட்சி மாறி சுகார்த்தோ அதிகாரத்துக்கு வந்ததும் உடன் போராடிய நண்பர்கள் சிலர் நாடாளுமன்ற இருக்கைகளை ஏற்றார்கள், இவர் ஏற்கவில்லை. கம்யூனிஸ்டுகளின் எதிரியாக அறியப்பட்ட இவரே, அந்த ஆட்சி மாற்றக் காலத்தில் பாலித் தீவில் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிக் கொன்று குவிக்கப்பட்டவர்களுக்காக எழுதினார். விசாரணையின்றி அடைக்கப்பட்டோருக்காகவும் குரல் கொடுத்தார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! 1969 டிசம்பர் 16 அன்று செமேரு எரிமலையில் நச்சுவாயுவை சுவாசித்து இறந்தபோது, 27ஆம் பிறந்தநாளுக்கு ஒரு நாளே இருந்தது.

சுகார்த்தோ காலத்துக் கொடுமைகள் பிற்காலத்தில்தான் தெரியவந்தன என்ற வாதம் இவர் எழுத்தின் முன் நிற்காது. கல்லூரியில் வரலாறு கற்பித்த எனக்கு, எங்கள் பாடத்திட்டத்தில் இந்தோனேசியா 1955இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டோடு முடிந்துபோனது இன்றும் வருத்தமே. 1983இல் நூலாக வெளிவந்த இவருடைய நாட்குறிப்பிலிருந்து சில பகுதிகளையாவது, உரிய அனுமதி பெற்று, தங்கள் ஞாயிறு இணைப்பில் தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், தஞ்சாவூர்