சிறு திருட்டுப் புகார்களையும் பதிவு செய்து விசாரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
மலையோரக் கிராமம், விளவங்கோடு வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரில் பெரிய கொள்ளை எதுவும் நடக்கவில்லை. முற்றத்துக் கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட், சிரட்டையில் உறைந்த ரப்பர் பாலான ஒட்டுபால், விளைந்த ஏத்தன் வாழைக்குலை, இவைதான் போகின்றன. சில நூறு, சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோன வீட்டுக்கு, மிச்சமிருக்கும் நாலைந்து ஷீட்டுதான் அந்த வாரத்துச் செலவு.

பணம் ஒருபக்கம் இருக்கட்டும். ஊரே மாறிவிட்டது ஐயா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன விளைப்பாதைகளை (தோட்டத்து வழிகளை) முள்கம்பி கட்டி அடைத்துவிட்டார்கள். விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவரை நிறுத்தி விசாரிக்கிறார்கள். ஒரு தொழிலாளியை எந்த ஆதாரமும் இல்லாமல் வேலையை விட்டே நிறுத்தினார்கள். அவர் குடும்பம் இப்போது ஊர்த் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. வடமாநிலத் தொழிலாளர்கள் மேல் விழும் சந்தேகமும் இப்படித்தான்.

காவல் நிலையத்துக்குப் போனால், "ஐயாயிரத்துக்குக் கீழே, கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 303(2) பிரிவில் வரும், 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டைப் போலீஸ் மாஜிஸ்திரேட் உத்தரவின்றி விசாரிக்க முடியாது என்பது சரிதான். ஆனால் விசாரணை நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 174-ம் பிரிவு, அந்தப் புகாரையும் பதிவேட்டில் எழுதி, 15 நாளுக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுக்கு விவரம் அனுப்பச் சொல்கிறது. அதையாவது செய்ய வேண்டும். வீட்டுக்குள்ளோ, ஷீட்டுக்குப் புகைபோட்டுச் சேர்த்துவைக்கும் புரைக்குள்ளோ நடந்த திருட்டு நியாய சன்ஹிதா 305-ம் பிரிவில் வரும். அங்கே 5,000 ரூபாய்க் கணக்கே கிடையாது. நேரடியாக வழக்குப் பதியலாம்.

இன்னொன்று, முக்கியமானது. திருடிய ஒட்டுபாலை யாரும் வீட்டில் வைத்திருப்பதில்லை, அது கடைக்குத்தான் போகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குகிறவருக்கு அதே சட்டத்தின் 317(2) பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. ரப்பர் வாங்கும் கடைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும், விற்க வருகிறவரின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவைக்கச் சொல்லி, அவ்வப்போது சோதனை செய்தால் பாதித் திருட்டு நின்றுவிடும் என்று நம்புகிறோம்.

5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல்முறை தண்டனை பெற்று, பொருளைத் திருப்பிக் கொடுப்பவருக்குச் சமூக சேவைதான் தண்டனை என்கிறது சட்டம். எங்களுக்கு அது முழுச் சம்மதம். பிடிபடுவது எங்கள் ஊர்ப் பையனாகவும் இருக்கலாம். அவன் வாழ்க்கை கெட வேண்டாம்.

ஆகவே புகார்களைப் பதிந்து ரசீது தரவும், அதிகாலை ரோந்தை எங்கள் உள்சாலைகள் வரை நீட்டிக்கவும், கடைகளைக் கண்காணிக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)