கீழ்க்குரல் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் தாருங்கள்

வன்னியிலுள்ள பாடசாலை அதிபர்களுக்கும், தரம் 10, 11 இல் படிக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கும்,

வணக்கம்.

முதலில் சந்தோஷமான செய்தி. ஒன்றரை வருடமாக ஒத்திகை பார்த்துவந்த புதிய சேர்ந்திசைப் பாட்டை ஒலிப்பதிவு செய்து முடித்துவிட்டோம். 18 நிமிடப் பாட்டு. நாலு குரல், 31 பேர். கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். நான் இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பிள்ளைகள் "குளத்துப் பாட்டு" என்று சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிடும்போல இருக்கிறது. மாரிமழை தொடங்க முன்னம் அதை மேடையிலும் பாட இருக்கிறோம். அந்த மேடையில் கீழ்க்குரல், அதாவது ஆண்பிள்ளைகளின் தடித்த குரல், பாட வேண்டிய தரம் 11 பிள்ளைகள் ஆறு பேரை ஒத்திகைக்கு விடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்போதுதான் நான் கேட்பது உங்களுக்கு விளங்கும். குளத்தின் துருசு (மதகு) திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதில் தொடங்கி, விதைப்பு, அரிவிவெட்டு, சூடடிப்பு என்று போய்க் கடற்கரையில் முடிகிறது. கடைசிப் பகுதிக்கு முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவின் போக்கை எடுத்திருக்கிறேன். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுவையோடு திருப்பிச் சொல்வார்களே, அந்தப் போக்கு. "உது வெள்ளைக்காரன்ரை கோயில் பாட்டுத்தானே, எங்கடை பிள்ளையளுக்கு என்னத்துக்கு?" என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். நாலு குரலைப் பிரித்து எழுதும் முறை அங்கிருந்து வந்தது உண்மைதான். ஆனால் கூடிப் பாடுவது எங்களுக்குப் புதிதா? கூத்தில் அண்ணாவியார் ஒரு அடி பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுகிறார்கள். மன்னார்ப் பக்கத்தில் தவக்காலத்தில் கூடியிருந்து, யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுகிறார்கள். அந்தத் தொண்டைகளைத்தான் நானும் நம்பியிருக்கிறேன்.

இனி சுருதிக் கணக்கு. பாடுகிறவரின் அடிச்சுருதியைக் கட்டை என்று எண்ணுவோம். பெண்பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை வசதி. குரல் உடைந்து தடித்த ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கட்டை. ஒரு கட்டையின் பஞ்சமம்தான் ('ப') ஐந்து கட்டை. ஆகவே பெண்பிள்ளைகளின் ஸட்ஜமம் ('ஸ') ஆண்பிள்ளைகளின் பஞ்சமமாக வந்து உட்காரும். முதற்பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருத்தத்தின் மேல்தான் கட்டியிருக்கிறேன். மேலே மோகன ராகம் போகும், கீழே ஆண்பிள்ளைகள் ஸட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மோகனத்தில் ஒரே ஒரு இடம்தான் உரசும். பெண்பிள்ளைகள் காந்தாரத்தில் ('க') நிற்கும்போது அது ஆண்பிள்ளைகளின் ஸட்ஜமத்துக்கு அரை ஸ்வரம் கீழே விழும். அந்த இடத்தில் ஆண்பிள்ளைகள் பஞ்சமத்துக்கு மாறுவார்கள். மாறியதும் முழு மண்டபமும் ஒருமுறை மூச்சு விட்டதுபோல இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை, பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது பேர் ஒரே ஸ்வரத்தை ஆளுக்கொரு மாதிரி அசைத்தால் பாட்டு கலங்கிவிடும். அதனால் அசைவு எந்தக் குரலில் இருக்கிறதோ அது மட்டும் அசையும், மற்ற மூன்றும் நேராக நிற்கும். அசையாமல் நிற்பதுதான் பிள்ளைகளுக்கு மிகக் கஷ்டமான வேலை. அதிலும் கீழ்க்குரல்காரருக்குப் பாட்டு முழுக்க அந்த வேலைதான்.

ஒலிப்பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில் நடந்தது. ஸ்டூடியோவுக்குப் போக எங்களிடம் காசு இல்லை. இரண்டு மைக்கை ஒரே தண்டில், 17 சென்ரிமீற்றர் இடைவெளியில், 110 பாகை விரித்து வைத்தோம். இரண்டு காதுக்கும் இடையிலுள்ள தூரம் கிட்டத்தட்ட அதுதான். அப்படி வைத்தால் முன்னுக்கு நிற்பவர் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்கிறவருக்குத் தெரியும். மின்விசிறிகளை நிற்பாட்டினோம். தண்ணீர்ப் போத்தல்கூடக் கையில் இருக்கக்கூடாது என்றேன். வேர்வை வழிய வழிய நின்றார்கள், ஒருவர்கூட முகத்தைத் துடைக்கவில்லை. ரோட்டில் ஒரு லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு மெசின்) போய் முடியும் வரைக்கும் இரண்டு தடவை காத்திருந்தோம். ஏழாவது தடவைதான் முழுதாக வந்தது. கடைசி ஸ்வரம் அடங்கும்போது வெளியே ஒரு மயில் கத்தியது. அதை நான் வெட்டவில்லை.

அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு இடத்தில் நெஞ்சு இறங்கிவிடுகிறது. கீழ்க்குரலில் ஒன்பது பேர் நின்றிருக்க வேண்டும். அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர். மற்ற ஆறு பேரும் தரம் 11. ஒரு பாடசாலை விடுவிக்கவே மாட்டோம் என்று முதல்நாள் அறிவித்தது. மற்றவர்களுக்கு ஞாயிறு ரியூசன். நான் மைக்கைச் சற்றுப் பின்வரிசைப் பக்கம் திருப்பினேன். ஒரு மாணவியின் தகப்பனார் வந்து நின்று பாடினார், கடைசியில் நானும் சேர்ந்தேன். ஆனாலும் அந்தப் பஞ்சமம் விழும் இடத்தில் நிலம் மெல்லியதாக இருப்பது கேட்கிறது.

அவர்களுக்குப் பதிலாகத் தரம் 8 பிள்ளைகளை எடுக்கலாமே என்று கேட்கிறார்கள். அது நடக்காது. ஆண்பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் குரல் நாண் நீண்டு தடிக்கத் தொடங்கும். குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அந்தக் காலம் முழுக்கக் குரல் கீறும், நழுவும், பிள்ளை வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். நாங்கள் பக்கத்தில் இருந்து, பயப்படாதே, மெதுவாகப் பாடு என்று சொல்லிச் சொல்லி அதைக் கடக்க வைக்கிறோம். பதினைந்து, பதினாறில் புதிய குரல் ஒரு இடத்தில் வந்து நிற்கும். சரியாக அந்த வருடம்தான் "சாதாரண தரப் பரீட்சை வருகுது, இனிப் பாட்டு வேண்டாம்" என்று மறித்துவிடுகிறீர்கள். தன் குரல் எது என்று தெரியவந்த உடனேயே பிள்ளை பாடுவதை நிற்பாட்டுகிறது. பிறகு திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு.

பரீட்சையைப் பற்றிய உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. உங்களில் பலர் இடம்பெயர்வுக்குள் படிப்பைத் தொலைத்தவர்கள். ஒன்பது பாடமும் சித்தியடைந்து பிள்ளை ஒரு கரை சேர வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் என்ன பிழை? ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றாகக் கர்நாடக சங்கீதத்தை எடுத்த பிள்ளைகளும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். சுருதி சேர்ப்பதும், தாளம் பிசகாமல் எண்ணுவதும், ஸ்வரம் பார்த்துப் பாடுவதும்தான் எங்கள் ஒத்திகை. அது அவர்களின் பாடமும் கூட. மற்றப் பிள்ளைகளுக்கும், வாரத்தில் ஒன்றரை மணித்தியாலம் முப்பது பேரோடு சேர்ந்து மூச்சை இழுத்து விடுவது வீண்போகும் நேரம் இல்லை.

என்னுடைய கதை ஒன்றையும் சொல்கிறேன். போருக்கு முன்னர் நான் எழுதிய மெட்டுகள் மூன்று கொப்பிகளில் இருந்தன. 2009 இல் எல்லாம் போயின. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில், அந்த நாளில் என்னோடு பாடிய ஒரு தங்கச்சி, இப்போது மூன்று பிள்ளைகளின் தாய், "அண்ணை, இது உங்கடைதானே?" என்று சமையல் கொட்டிலில் தேங்காய் துருவித் துருவிப் பாடிக்காட்டினாள். இரண்டு மெட்டு அப்படித் திரும்பி வந்தது. கொப்பியில் மட்டும் இருந்தவை வரவில்லை. குளத்துப் பாட்டின் அரிவிவெட்டுப் பகுதி அந்த இரண்டில் ஒன்று. அதனால்தான் ஒலிப்பதிவு முடிந்துவிட்டது, போதும் என்று என்னால் இருக்க முடியவில்லை. அந்த ஆறு பேரின் வாயிலும் அது இருக்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். சனிக்கிழமைப் பிற்பகலில் ஒன்றரை மணித்தியாலம், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும் வரைக்கும். அதற்குப் பிறகு நானே வரவேண்டாம் என்று சொல்லி அனுப்புவேன். மேடை நாளில் ஒரு முழுநாள். அதிபர்மாரே, அந்த நேரத்தில் மேலதிக வகுப்பு வைக்க வேண்டி வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நாங்கள் நேரத்தை மாற்றிக்கொள்கிறோம். காசு எதுவும் கேட்கவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் பொழுது பட்டால் யானை ரோட்டுக்கு வரும் என்று எனக்கும் தெரியும். ஆகவே நாலு மணிக்கு முன் ஒத்திகையை முடித்து, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்.

சம்மதம் என்றால் பாடசாலைச் சங்கீத ஆசிரியரிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் போதும். அடுத்த ஒத்திகை வருகிற சனிக்கிழமை இரண்டு மணிக்கு. பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்கள் அரை மணித்தியாலம் முந்தி வந்தால், பின்வாங்கில் இருந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
குளத்துப் பாட்டுக்கு மெட்டமைத்தவன்