193707721

பாப்பா,

நேற்றும் நாலு நிமிஷத்தில் போனை வைத்துவிட்டாய். "நல்லா இருக்கேன்ப்பா" என்றாய். சரி. நேரத்துக்குத் தூங்கு, அவ்வளவுதான் சொல்வேன்.

மூன்று நாளாக ஒரு எண்ணோடு உட்கார்ந்திருக்கிறேன். 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது: 147573952589676412927. 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் என்று எழுதிவைத்தார். 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர், "இல்லை, பகு எண்தான்" என்று நிரூபித்தார். ஆனால் எதால் வகுபடும் என்று அவருக்கும் தெரியாது. பகு எண் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, காரணியைக் காட்டாமல் நின்றுவிடும் சோதனை அது. காரணி கிடைக்க இன்னும் 27 வருஷம் ஆனது. அந்த 27 வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும்.

1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் வாயே திறக்காமல் கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாராம். நானும் கையால் பெருக்கினேன். கையில் வைத்த 3ஐக் கூட்ட மறந்து, மறுபடி முதலிலிருந்து. இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்தேன்: 37, 64, விடைக்கு 109. மூன்றும் சுருங்கி 1இல் வந்து நிற்கின்றன. அப்புறம் முதல் காரணியில் ஒன்றைக் கழித்து 134ஆல் வகுத்தேன். மீதியே இல்லை, 1445580. காரணி எதுவானாலும் 67இன் இருமடங்கால் வகுத்தால் மீதி 1தான் வரும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய், அந்த லீவில். அதை எத்தனை பேரிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன் தெரியுமா? இப்போது நான் அனுப்பும் கணக்கெல்லாம் இரண்டு வாரமாகப் பதிலில்லாமல் கிடக்கிறது. வேலை இருக்கும். தூக்கத்தை மட்டும் கெடுத்துக்கொள்ளாதே.

பச்சை நோட்டு கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நீ ஏழாவது படித்தபோது, 2-இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால், ஒன்றைக் கழித்து வரும் விடையும் பகா எண்தான் என்று அடித்துச் சொன்னேன். மறுநாள் நீ 11ஐப் போட்டுப் பார்த்து, 2047 = 23 × 89 என்று எழுதிக்கொண்டு வந்தாய். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, நீ சொன்னதுதான் சரி என்று. "முதல்ல வீட்டுப்பாடத்தை முடி" என்று நோட்டை மூடினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் பாதியில் நிற்கிற கணக்கு எதையும் நீ என்னிடம் கொண்டுவந்ததில்லை. முடித்து, சரிபார்த்து, நன்றாக வந்ததை மட்டும்தான் காட்டுவாய். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

23 × 89 சரிதான் பாப்பா. நான் சொன்னதுதான் தப்பு.

பாதியில் நிற்கிறதோடு கூப்பிடு. நடுராத்திரியானாலும் எடுப்பேன். தூக்கம் வராவிட்டால்தான் சொல்கிறேன், வந்தால் தூங்கு.

அப்பா